மூன்று நாளைக்குச் சத்தம் கூடாது

கோடி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு "எய்யா வன்னியா" என்று அலறியபடி உள்ளே நுழைந்த சங்கரபாண்டி, வாசலில் கால் தட்டி, தம்பியின் உடலுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர் அப்படி விழுந்ததைப் பார்த்ததும் பெண்களின் அழுகை இரண்டு மடங்கானது. அண்ணன் தம்பி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். காலைமுதல் அந்த இடத்தில் விழுந்த ஏழாவது ஆள் அவர் என்பது, உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லிக்கு மட்டும்தான் தெரியும். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விழவைத்தது பாசமல்ல, பலகை. ஒன்றரை அடி உயரம். வீட்டில் எத்தனை வாசல் உண்டோ அத்தனையிலும் அவள் கணவர் வன்னியபெருமாள் போன மாதம் அதைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். வரப்போகும் பூனைக்குட்டிகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. குட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் இன்று காலை ஆறரை மணிக்கு அவர் கிளம்பிவிட்டார்.

வன்னியபெருமாள் ரயில்வே கேட் கீப்பர். கோவில்பட்டிக்குத் தெற்கே, இரண்டு பக்கமும் பருத்திக்காடு விரிந்த ஒரு லெவல் கிராஸிங்கில் முப்பத்து நான்கு வருடம் கேட்டை மூடித் திறந்தார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின், எதுவுமே கடந்து போகாத ஓர் இடத்தில் மனிதன் எப்படி உட்கார்ந்திருப்பது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. தெருவில் தண்ணீர் லாரி போனால் எழுந்து நிற்பார். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அப்போதுதான் விளாத்திகுளத்தில் மிளகாய் கமிஷன் கடை வைத்திருக்கும் இசக்கிமுருகனின் வீட்டுப் பூனை இரண்டு குட்டி போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. மூடிய கேட்டில் மிளகாய் வண்டியோடு காத்துக்கிடந்து காத்துக்கிடந்தே சிநேகிதமானவர் இசக்கிமுருகன்.

செண்பகவல்லி முப்பது வருடமாகப் பூனைக்கு மறுத்துவந்தவள். கருவாட்டுப் பானையை முன்னிட்டு எடுத்த முடிவு அது. இந்த முறை என்னவோ, "சரி, வந்துட்டுப் போவுது" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் விடியும்போது வன்னியபெருமாள் காதில் பென்சிலும் கையில் டேப்புமாக நின்றார்.

முதலில் வாசலில் நின்ற அரளிச்செடி போனது. பூனைக்கு விஷம். பீரோவிலிருந்த அந்துருண்டைகள் போயின. அதுவும் விஷம். டி.வி. வயர், மிக்ஸி வயர், மகள் ப்ரியதர்ஷினியின் சார்ஜர் வயர் எல்லாம் சுவரில் ஆளுயரத்துக்கு ஏறிக்கொண்டன. அந்த வீட்டில் செல்போனுக்கு சார்ஜ் போட முக்காலி தேவைப்பட்டது. குட்டிகள் வெளிக்குப் போகத் தட்டு வேண்டுமே என்று, சும்மா கிடைக்கிற கரிசல் மண்ணைச் சலித்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, சோதனைக்கு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார். அது களியாகி அவருடைய இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டது. "இதுல குட்டி கால வச்சா நாமதான் மம்பட்டியோட போய் மீட்டுட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய் வைப்பாற்று மணல் ஒரு பை கொண்டுவந்தார்.

வீடு முடிந்ததும் குடும்பத்தைத் தயார் செய்தார். ஒரு துண்டைச் சுருட்டி, நூல் கட்டி, அதைக் குட்டி என்று அறிவித்தார். செண்பகவல்லி மேற்கு அறைக் கதவைத் திறந்து உள்ளே போகவேண்டும். அவர் வெளியே நின்று நூலை இழுப்பார். துண்டு அவள் காலிடுக்கில் புகுந்து வெளியே வந்துவிட்டால் விபத்து. முதல் வாரம் பதினோரு விபத்து. மூன்றாம் வாரம் ஒன்றே ஒன்று. அதுவும் அவள் கையில் தோசைக்கரண்டி இருந்ததால்.

விதிகளும் இருந்தன. குட்டிகளை முதல் மூன்று நாள் மேற்கு அறையிலேயே வைத்திருக்கவேண்டும். எட்டிப் பிடிக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அதுகளே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மூன்று நாளும் வீட்டில் சத்தம் கூடாது. குக்கர் விசில்கூட ஆகாது என்று ஒரு வாரமாகவே சோற்றைப் பானையில் வடித்துப் பழகிக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. குட்டிகள் இன்று பதினோரு மணி பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

"ஏட்டி ப்ரியா." முந்தானையை வாயில் வைத்தபடி மகளைக் கூப்பிட்டாள். தள்ளி இருந்தவர்களுக்கு அது விம்மல் போலத்தான் தெரிந்தது. "மணி என்ன?"

"பத்து அம்பது. ஏம்மா, தண்ணி வேணுமா?"

"பூனக்காரவிய வந்துருவாவளேட்டி. இன்னைக்கி வேண்டாம்னு போன் பண்ணிச் சொன்னியா?"

ப்ரியதர்ஷினியின் வீங்கிய கண்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாகின. "எம்மா, நான் டாக்டருக்கு அலைஞ்சேன், பந்தலுக்கு அலைஞ்சேன். பூனைய யாரு நெனச்சா?"

"நான் நெனச்சேன். எந்திரிக்க விட்டாத்தான?"

அது உண்மை. ஒரு துட்டி வீட்டில் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாதவர்கள் இரண்டு பேர்: செத்தவர், அவர் மனைவி. வருகிற பெண்களெல்லாம் செண்பகவல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தி, எழுந்துபோய்க் காப்பி குடித்தார்கள். அவளுக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவள் குடிக்கமாட்டாள் என்று எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். அவள் அழவும் இல்லை. அதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

பதினொன்று பத்துக்கு இசக்கிமுருகன் வந்தார். நெஞ்சோடு அணைத்த ஓர் அட்டைப்பெட்டி, அதில் சுற்றிலும் ஓட்டை. யாரும் எச்சரிக்காமலே பலகையைப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான். வன்னியபெருமாள் போனிலேயே சொல்லிவைத்திருந்தார். உடலுக்கு முன்னால் வந்து நின்றார். கும்பிடக் கை தேவைப்பட்டது. பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல், பெட்டியோடு சேர்த்தே தலைகுனிந்தார். பெட்டி "மீ" என்றது.

சங்கரபாண்டி எழுந்துவந்தார். "என்னவே அது பெட்டிக்குள்ள?"

"பூனக்குட்டி அண்ணாச்சி. ரெண்டு."

"துட்டி வீட்டுக்குப் பூனையா கொண்டுட்டு வருவீரு? மாலை கெடைக்கலியோ?"

"அவிய கேட்டது அண்ணாச்சி. தெரு மொனையில வச்சே பந்தலப் பாத்துட்டேன். பாத்துட்டு எப்படித் திரும்பிப் போவ? வெயில்ல பெட்டிய வெளிய வைக்கவும் மனசு வரல."

"பொணம் கெடக்க எடத்துல பூன இருக்கப்படாதுவே. தாண்டிட்டுன்னா பொணம் எந்திரிச்சு..." அவர் முடிக்கவில்லை. பெண்கள் வாயில் கைவைத்தார்கள்.

"தாண்டாது" என்றாள் செண்பகவல்லி.

அவள் குரல் அத்தனை பேருக்கும் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகை சட்டென்று நின்றது.

"மேக்க ரூம் வாசல்லயும் ஒன்றரை அடிக்குப் பலக இருக்கு பெரியத்தான். அவிய அளந்துதான் அடிச்சிருக்காவ."

சங்கரபாண்டிக்குத் தன் முழங்கால் வலி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு இசக்கிமுருகனிடம், "அதெல்லாம் ஆவாது. வந்த வழியே எடுத்துட்டுப் போரும்" என்றார்.

"எடுத்துட்டுப் போவ முடியாதே அண்ணாச்சி."

"ஏன்?"

"எம் மவ பிரசவத்துக்கு வந்திருக்கா. புள்ள பொறந்து பதினோரு நாள்தான் ஆவுது. துட்டி வீட்டுக்குள்ள வந்துட்டு நானே கெணத்தடியில தலைக்கு ஊத்திட்டுத்தான் படியேறணும். இதுக ரெண்டையும் எப்படிப் படியேத்த?"

"அதுகளுக்கும் தலைக்கு ஊத்தும்."

"பூனைக்கித் தலைக்கு ஊத்திப் பாத்திருக்கீரா அண்ணாச்சி?"

கூட்டம் சங்கரபாண்டியைப் பார்த்தது. அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் தீர்வு இல்லாமல் நிற்கிற ஆளல்ல; கயத்தாறில் நாலுவழிச்சாலை ஓரமாக லாரி டயர் கடை வைத்திருப்பவர். "அப்ப ஒண்ணு செய்வோம். போம்போது நான் கடைக்குக் கொண்டுட்டுப் போறேன். எலி டயரையே திங்குது" என்றார்.

செண்பகவல்லிக்கு அந்தக் கடை தெரியும். கடைவாசலுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஒரு கோலம் போடுகிற இடம்கூடக் கிடையாது. அங்கே நாய் வளர்த்தார்கள். ஒரே வருடத்தில் மூன்று நாய். கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தார்கள்.

தெருவில் கொட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் சும்மா இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். இன்னொருவர் சரவெடியைப் பந்தல்காலில் சுற்ற ஆரம்பித்தார். இசக்கிமுருகன் கையில் இருந்த பெட்டி நடுங்கியது. ஓர் ஓட்டை வழியாக விரல் அகலத்துக்கு ஒரு மூக்கு வெளியே வந்து, உடனே உள்ளே போய்விட்டது.

"பெரியத்தான்" என்றாள் செண்பகவல்லி. "அவிய சாவும்போது ஒரு வார்த்த சொன்னாவ."

வன்னியபெருமாள் கடைசியாகக் கேட்டது, "டீக்குச் சீனி போட்டியா?" என்பது. அவள் சீனி டப்பாவோடு திரும்பி வந்தபோது பதிலைக் கேட்க அவர் இல்லை.

"என்ன சொன்னான்?" சங்கரபாண்டியின் குரல் இறங்கிவிட்டது.

"கொட்டு வேண்டாம்னாவ."

"ம்."

"வெடி வேண்டாம்னாவ. சங்கு ஊதப்படாதுன்னாவ." கொஞ்சம் யோசித்தாள். வேறு என்னென்ன சத்தம் பாக்கி என்று பார்த்தாள். "அழுறவிய மெதுவா அழணும்னாவ. பூனக்குட்டி வந்தா மேக்க ரூம்லதான் இருக்கணும், வேற எங்கயும் போவக் கூடாதுன்னாவ."

"இம்புட்டயும் சொல்லிட்டா செத்தான்?"

"பொறுமையாத்தான் போனாவ."

ப்ரியதர்ஷினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா போனபோது அவள் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா பெரியப்பா" என்றாள். "நானும் கேட்டேன்."

சங்கரபாண்டி குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். இருபது வருடமாக ஒரு தண்டவாளத்து ஓரக் குடிசையில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்கு இவ்வளவு விசாலமான கருத்துகள் இருந்திருக்கின்றன என்பது அவரை அசைத்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் என்பதைக்கூட அவர் சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். பெட்டியைத் தானே வாங்கி மேற்கு அறைப் பலகைக்கு மேலாகத் தூக்கி ப்ரியதர்ஷினியிடம் கொடுத்தார். பிறகு தெருவுக்குப் போய், "ஏலே, சத்தம் போடாதீங்கலே! செத்தவன் வார்த்தைலே!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சத்தம் போட்டது அவர் மட்டும்தான். ப்ரியதர்ஷினி போய்ச் சொன்னதும் அதையும் நிறுத்திக்கொண்டார்.

கொட்டுக்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வாசிக்க வேண்டாம், ஆனால் உட்கார்ந்திருந்தால்தான் மரியாதை என்று சொல்லப்பட்டிருந்தது.

பிரச்சினை வள்ளித்தாயிடம்தான் வந்தது. ஓட்டப்பிடாரம் வரைக்கும் கூப்பிட்டு அழைத்துப் போகிற ஒப்பாரிக்காரி. பக்கத்து வீடு. தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து உட்கார்ந்தவளிடம் மெதுவாக அழவேண்டும் என்றதும், "மெதுவா அழுறதுக்கு நான் எதுக்கு?" என்று எழுந்துவிட்டாள். பிறகு பெண்கள் சமாதானம் செய்ய, காதில் ரகசியம் சொல்வது போன்ற குரலில் ஆரம்பித்தாள். எல்லோரும் நெருங்கிவந்து காதைக் கொடுத்தார்கள். இருபது வருடமாக அவள் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு அன்றைக்குத்தான் வார்த்தைகள் விளங்கின.

"கோட்டு மாட்டிக் கோர்ட்டுக்குப் போன வக்கீலய்யா..." என்று போயிற்று பாட்டு.

"வள்ளித்தாயி மதினி" என்றாள் செண்பகவல்லி மெல்ல, "இவிய ரயில்வே."

வள்ளித்தாய் ஒரு நொடி நிறுத்தினாள். "கோட்டு மாட்டி கேட்டு மூடுன கேட்டய்யா" என்று திருத்திக்கொண்டு தொடர்ந்தாள். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானைக்குள் குனிந்து குலுங்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பெண் குலுங்கினாள். கொஞ்ச நேரத்தில் வரிசையே குலுங்கியது. வாசலில் நின்று பார்த்த ஆண்கள், சத்தம் வராத அழுகை எவ்வளவு கொடுமையானது என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு உடலைத் தூக்கினார்கள். சங்கரபாண்டி வாசல் பலகையைக் கழற்றிவிடலாம் என்று குனிந்து பார்த்தார். எட்டுத் திருகாணி, ரயில்வேக்காரன் முடுக்கியது. நிமிர்ந்துகொண்டார். "காலத் தூக்கி வச்சு வாங்கலே. எவனும் விழுந்துராதீங்க" என்று கிசுகிசுத்தார். முன்னால் பிடித்தவர்கள் தாண்டி நின்று, பாடையை ஒரு கணம் காற்றில் நிறுத்த, பின்னால் பிடித்தவர்கள் தாண்டி வந்தார்கள். மூடிய கேட்டை யாரும் தாண்ட முப்பத்து நான்கு வருடம் விடாதவர், மூடிய கேட்டுக்கு மேலாகப் போனார். பின்னால் ஐம்பது ஆண்கள் "கோவிந்தா, கோவிந்தா" என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். எதிரே வந்த மினி பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டார். இப்படி ஒரு சாவை இந்த ஊர் பார்த்ததில்லை என்று டீக்கடையில் சொன்னார்களாம். பெரிய ஞானியாக இருந்திருப்பார், நமக்குத்தான் தெரியவில்லை என்றும்.

பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டார்கள். மேற்கு அறைக் கதவுக்கு வந்ததும் செண்பகவல்லி குறுக்கே நின்றாள். "இது இருக்கட்டும். மூணு நாள் கழிச்சுக் கழுவிக்கிடலாம்." ஈரச் சேலையோடு இருந்தவளிடம் யாரும் வாதாடவில்லை.

அவள் கதவை ஒரு சாண் திறந்தாள். முதலில் ஒரு பாதத்தை உள்ளே வைத்து இடைவெளியை அடைத்தாள், பிறகு உடம்பு, பிறகு மறுகால். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. விபத்து இல்லை.

ப்ரியதர்ஷினி ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி காலியாகக் கிடந்தது. "எம்மா, ரெண்டும் கட்டிலுக்கு அடியில போயிட்டு. வரவே மாட்டேங்கு. சோத்துல மீனு பெசஞ்சு வச்சிருக்கேன், தொடல."

"எங்கன மீனு?"

"இசக்கிமுருகன் மாமா கொண்டாந்தாவ. அதுகளுக்கு மூணு நாளைக்குன்னு."

"பாக்காத. சுவத்தப் பாரு."

மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். கரிசல் மண்மேல் கட்டிய வீடு. கோடை வந்தால் மண் வாய்பிளக்கும், சுவரும் கூடவே பிளக்கும். தரையோரம் கை நுழைகிற அளவுக்கு இருந்த விரிசலில் புதிதாக சிமென்ட் பூசியிருந்தது. நேற்றுதான் பூசியிருக்கவேண்டும், நிறம் இன்னும் வெளுக்கவில்லை. கொத்துக்கரண்டி கிடைக்காமல் விரலாலேயே தேய்த்துவிட்டிருந்தார். மூன்று விரல், மேலிருந்து கீழாக.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளானது. முதுகுக்குப் பின்னால் ஏதோ மணலில் நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. சோற்றுத் தட்டு லேசாக நகர்ந்தது. பிறகு நக், நக் என்று நக்குகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அது இரண்டு சத்தமானது.

ப்ரியதர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்தாள். செண்பகவல்லி திரும்பவில்லை. முந்தானையை எடுத்து வாய்க்குள் முழுவதுமாகத் திணித்துக்கொண்டாள். அவள் தோள்கள் மட்டும் அசைந்தன. தட்டில் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

வெளியே சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி, கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பந்தல்காரரின் லோடு ஆட்டோ வந்து நின்றது. யாரோ பிளாஸ்டிக் சேரை சிமென்ட் தரையில் இழுத்தார்கள். கர்ரென்றது. தட்டில் நக்குவது நின்றது.

செண்பகவல்லி முந்தானையை எடுத்தாள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஏட்டி" என்றாள், குரல் வரவில்லை, உதடு மட்டும்தான். "தூக்கி வைக்கச் சொல்லு."

ப்ரியதர்ஷினி ஜன்னலுக்குப் போய்க் கையைக் காட்டிச் சொன்னாள். வெளியே சங்கரபாண்டி தலையாட்டினார். பந்தல்காரப் பையன்களைக் கையால் தடுத்து நிறுத்தினார். ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சேரை இரண்டு கையாலும் எடுத்து, மடியிலே தூங்கிப்போன பிள்ளையைப் பாயில் இறக்குவது போல ஆட்டோவில் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு அடுத்த சேருக்கு வந்தார். இன்னும் நாற்பத்தொன்பது இருந்தது.